தும்மலுக்குள் ஓர் உப்பளம்

ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளங்களை ஒட்டிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கைக்காரர் பக்கவாட்டில் திரும்பி, வாயைப் பொத்தாமல் இரண்டு முறை தும்மினார். கைப்பிடிக் கம்பியில் பொடிப்பொடியாக ஈரம் தெறித்து நின்றது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஆச்சி ஒருவர் அந்தக் கம்பியைப் பிடிக்கப் போனார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்பியை ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் காய்ந்துவிட்டது மக்களே. காய்ந்த பிறகு கிருமி ஏது?" என்று சொல்லிவிட்டு அழுத்தமாகவே பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆச்சி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை விளக்க, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பாத்திகளைத்தான் கைகாட்டியிருக்க வேண்டும். அதை யோசித்து முடிப்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

உப்பளத்தில் நடப்பது அகஸ்தீஸ்வரம் வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அதைப் பாத்தியில் கட்டி வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டால் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு போகாது. மிச்ச நீர் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வரும். முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், பிறகு ஜிப்சம். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் சோற்றுக்குப் போடும் உப்பு மணியாகத் திரளத் தொடங்கும். அதை வாரியெடுத்த பிறகு நிற்கும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கும். அதையும் சேர்த்துக் காயவிட்டால் உப்பு கசக்கும், சீக்கிரம் ஈரம் கோக்கும் என்பதால் வடித்துவிடுவார்கள்.

பாத்தி ஒன்றுதான். ஆனால் முதல் நாள் நீரும் கடைசி நாள் நீரும் ஒன்றல்ல. நடுவில் ஒரு கிருமி மாட்டிக்கொண்டால், "தண்ணீர் இருக்கிறதா, இல்லையா" என்பது மட்டுமல்ல அதன் பிரச்சினை. இருக்கிற தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பெரிய பிரச்சினை. துளிக்குள் கிருமி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

தும்மலில், இருமலில், பேச்சில், பாட்டில், சும்மா விடும் மூச்சில்கூட வெளியேறும் துளி வெறும் தண்ணீர் அல்ல. அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன. சளிக்கு வழவழப்பைத் தரும் மியூசின் என்ற புரதப் பொருள் இருக்கிறது. நுரையீரலின் உட்பரப்பில் பூசினாற்போல் இருக்கும் கொழுப்பும் கொஞ்சம் இருக்கிறது. பேசுகிறவருக்கு நோய் இருந்தால் கிருமியும் உண்டு. மூச்சுக்குழாய் நீரில் உப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது கடல்நீரின் உவர்ப்பில் கால்வாசி. வாயைவிட்டு வெளியே வந்த கணத்திலேயே இந்தத் துளி ஒரு பாத்தி ஆகிவிடுகிறது. வரப்பு இல்லாத, அடித்தரை இல்லாத, எல்லாப் பக்கமும் காற்றே சூழ்ந்த பாத்தி. புத்தளத்தில் பல நாட்கள் எடுக்கும் வேலை இங்கே கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

எவ்வளவு சிறிய துளி? மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். பாக்டீரியா ஒன்று, இரண்டு மைக்ரோமீட்டர் நீளம் இருக்கும். இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்கள் 0.1 மைக்ரோமீட்டர் அளவு. 100 மைக்ரோமீட்டர் துளியைக் கூர்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். 10 மைக்ரோமீட்டர் துளி தெரியாது. ஆனால் அந்த 10 மைக்ரோமீட்டர் துளியும் ஒரு வைரஸுக்குக் குளம் மாதிரி.

துளி பிறந்த உடனே இரண்டு வேலைகள் போட்டி போட்டுக்கொண்டு தொடங்குகின்றன. ஒன்று கீழே விழுவது, மற்றொன்று காய்வது. நின்றவாக்கில் ஒருவர் தும்முகிறார், வாய் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்று வையுங்கள். 100 மைக்ரோமீட்டர் துளி ஐந்தாறு நொடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரோமீட்டர் துளி, காயாமல் அப்படியே இருந்தால், வந்து சேர எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு, காற்று அசையாமல் இருந்தால், பன்னிரண்டு மணி நேரம். காற்று எங்கே அசையாமல் இருக்கிறது? ஆளொருவர் நடந்து போனாலே அது மறுபடி மேலே கிளம்பிவிடும்.

காய்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. விட்டம் பாதியானால் காயும் நேரம் கால்பங்காகிவிடும். சிறிய துளியில் உள்ளிருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்றைத் தொடும் மேற்பரப்பு அதிகம் என்பதே காரணம். நடுத்தர ஈரப்பதமுள்ள காற்றில் 100 மைக்ரோமீட்டர் துளிக்குப் பல நொடிகள் தேவை. 10 மைக்ரோமீட்டர் துளிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே பெரிய துளி காய்வதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. சிறிய துளி விழுவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. இந்தப் போட்டியை 1934ஆம் ஆண்டு கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்காவின் வில்லியம் வெல்ஸ். இரண்டுக்கும் இடையிலான எல்லை 100 மைக்ரோமீட்டர் அருகே விழுகிறது என்றார். காய்ந்த பிறகு காற்றில் மிதக்கும் மிச்சத்தைத் தமிழில் துளிக்கரு என்று சொல்லலாம். உப்பு, புரதம், கிருமி எல்லாம் சுருண்டு கிடக்கும் ஒரு பொட்டு அது. தொடக்கத்தில் இருந்த துளியின் விட்டத்தில் மூன்றில் ஒன்றோ, ஐந்தில் ஒன்றோதான் மிஞ்சும்.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. வெல்ஸ் சொன்ன 100 மருத்துவப் பாடநூல்களுக்குள் போகும்போது எப்படியோ 5 ஆகிவிட்டது. நுரையீரலின் அடியாழம் வரை போகக்கூடிய துகளின் அளவு 5 மைக்ரோமீட்டர். அது வேறு கணக்கு; இரண்டும் குழம்பிவிட்டன. 5க்கு மேற்பட்டவை எல்லாம் ஆறடிக்குள் விழுந்துவிடும் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனா வந்த 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இந்த நோய் காற்றில் பரவுவது அல்ல என்று அறிவித்தது. பிறகு நிலையை மாற்றிக்கொண்டது. அந்தப் பழைய கணக்கைத் தோண்டியெடுத்துச் சரிபார்த்தவர்களில் ஒருவர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் லின்சி மார். அவர் மருத்துவர் அல்ல, காற்று மாசைப் படிக்கும் பொறியாளர். துளியை நோயாகப் பார்க்காமல் துளியாகவே பார்த்தவருக்குத்தான் அது தெரிந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இனி துளிக்குள் நுழைவோம். அதற்கு முன் எங்கள் வீட்டு அடுக்களைக்கு ஒரு நடை.

பழைய வீட்டில் உப்பு வைக்க ஒரு மரவை இருந்தது. வெயில் காலத்தில் கல்லுப்பு கலகலவென்று கிடக்கும். ஆனி, ஆடிச் சாரல் தொடங்கினால் மரவையின் அடியில் நீர் கோத்து நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்தே உப்பு குடித்துக்கொண்டது. இதற்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு, அதாவது சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையும். 75க்குக் கீழே இருந்தால் கரைந்த உப்பு நீர் ஆவியாகத் தொடங்கும். கசப்பு நீர் கலந்த உப்பு இதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே அழத் தொடங்கிவிடும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். மரவையில் உப்பு கசிந்தால் "வியாபாரி ஏமாற்றிவிட்டான்" என்று அம்மை திட்டுவாள். அவள் திட்டியதில் வேதியியல் இருந்தது.

துளியும் இந்த எல்லைக்கோட்டுக்குக் கட்டுப்பட்டதுதான். காற்றில் ஈரம் 75க்கு மேலே, 80, 90 என்று இருந்தால் துளி சுருங்கும், ஆனால் காயாது. உப்புநீர் உருண்டையாகவே மிதக்கும். 75க்குக் கீழே போனால் நியாயப்படி உப்பு மணியாகத் திரள வேண்டும். அங்கேதான் துளி உப்பளத்திலிருந்து விலகுகிறது. உப்பளத்தில் மணி திரள்வதற்குப் பிடிமானம் நிறைய: தரை, தூசி, நேற்றைய உப்பு. காற்றில் மிதக்கும் துளிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே அது திரளாமலே மேலும் மேலும் கனக்கிறது. சாதாரணமாகத் தண்ணீர் தாங்கக்கூடிய உப்பைவிட அதிக உப்பைச் சுமந்துகொண்டு தள்ளாடுகிறது. ஈரப்பதம் 45 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் சட்டென்று மணியாகிறது. இது சுத்தமான உப்புத் துளிக்கான கணக்கு; சளியும் புரதமும் கலந்த துளியில் எல்லை கொஞ்சம் முன்னே பின்னே நகரும்.

ஆக, மூன்று நிலைகள். நீர்த்த உப்புநீர், கனத்துத் தள்ளாடும் உப்புநீர், காய்ந்த மணி. இந்த மூன்றில் கிருமிக்கு எது ஆபத்து? ஆச்சியைக் கேட்டால் காய்ந்த மணி என்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கருவாட்டை யோசித்துப் பாருங்கள். முட்டத்திலோ குளச்சலிலோ வாளையைக் கீறி உப்புப் போட்டு வைக்கிறார்கள். மீனின் தசையிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. உவர்ப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குச் சவ்வைத் தாண்டித் தண்ணீர் போகும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்திருப்போம். மீன்மேல் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவின் உடலிலிருந்தும் அதே மாதிரி தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. கண்ணுக்கு ஈரமாகத் தெரிந்தாலும் அந்த உப்புநீரில் கிருமி எடுத்துப் புழங்கக்கூடிய தண்ணீர் இல்லை. உணவுத் துறையினர் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே பெருகுவதில்லை. சீழ்க்கட்டிக்குப் பேர்போன ஸ்டஃபிலோகாக்கஸ் மட்டும் 0.86 வரை தாக்குப்பிடித்துப் பெருகும். முழுவதும் உப்பேறிய நீருக்கு இந்த அளவு 0.75. மரவையின் 75 சதவீதத்தை நினைவு வைத்திருந்தால், இரண்டும் ஒரே எண் என்பது புரியும். தற்செயல் அல்ல, இரண்டும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பெருகாது என்றுதான் சொன்னேன், செத்துவிடும் என்று சொல்லவில்லை. கருவாட்டில் கிருமி பெருகாமல் கிடக்கலாம், நனைந்தால் விழித்துக்கொள்ளலாம். வைரஸுக்கோ இந்தப் பெருகும் பேச்சே பொருந்தாது. அது உயிருள்ள செல்லுக்குள் போனால்தான் பெருகும். துளிக்குள் இருக்கும்வரை அதன் வேலை, சிதையாமல் இருப்பது மட்டும். அது சிதைவது எப்போது என்று பார்த்தால்தான் ஆச்சரியம்.

இன்ஃப்ளூயன்சா, கொரோனா போலக் கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களைப் பல ஈரப்பதங்களில் வைத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் ஒரே மாதிரியான கோடு வருகிறது. வள்ளத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வடிவம் அது: இரு ஓரமும் உயரம், நடுவில் பள்ளம். மிக ஈரமான காற்றில் வைரஸ் ஓரளவு பிழைக்கிறது. மிக வறண்ட காற்றிலும் பிழைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, கனத்துத் தள்ளாடும் உப்புநீர் இருக்கும் ஈரப்பதத்தில்தான் அதிகமாகச் சாகிறது. மார் குழுவினர் 2020இல் சொன்ன விளக்கம் எளிது. வைரஸைக் கெடுப்பவை அதைச் சுற்றியுள்ள கரைபொருள்கள். நீர்த்த நிலையில் அவற்றின் வீரியம் குறைவு. முழுக்கக் காய்ந்துவிட்டால் உப்பு மணிக்குள் அடைபட்டுப் போகிறது; கைகால் கட்டிப்போட்ட எதிரி மாதிரி. நடுவில் அரைகுறையாக வற்றிய நிலையில் கரைபொருள் அனைத்தும் கரைந்த வடிவிலேயே, பல மடங்கு வீரியத்தோடு, வைரஸைச் சூழ்ந்து நிற்கிறது. அதுவும் நெடுநேரம். கிருமிநாசினியில் துணியை ஊறவைப்பது போல என்று சொன்னால் தப்பில்லை.

அதாவது, துளி காய்வதால் கிருமி சாவதில்லை. காயும் வழியில் சாகிறது. வழியைச் சீக்கிரம் கடந்துவிட்டால் தப்பித்துக்கொள்கிறது.

பாக்டீரியாவுக்கு இந்த வள்ளக் கோடு வரவில்லை. அதே ஆய்வில் பாக்டீரியாக்கள் காற்று வறள வறளக் கூடுதலாகச் செத்தன. உயிருள்ள உடல் என்பதால் அதற்குத் தண்ணீர் இழப்பதே பெரிய அடி. ஆனால் பாக்டீரியாவிலும் அரக்கர்கள் உண்டு. காசநோய்க் கிருமியின் உடலைச் சுற்றி மெழுகு போன்ற தடித்த உறை இருக்கிறது. வறட்சி அதை அவ்வளவு எளிதில் தொடாது. வெல்ஸும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் ரைலியும் 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகர முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஒரு சோதனை செய்தார்கள். காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே ஓர் அறைக்குக் கொண்டுபோய், அங்கே வைத்திருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். நோயாளியை அவை பார்த்ததே இல்லை. துளி தெறிக்கும் தூரத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் நோய் தொற்றியது. அதே காற்றைப் புற ஊதா ஒளியில் காட்டிவிட்டு அனுப்பியபோது தொற்றவில்லை. குழாயின் நீளம் முழுவதும் பயணம் செய்தது ஈரத்துளி அல்ல, காய்ந்த துளிக்கரு. பாயை வெயிலில் போடச் சொல்லும் நம் வீட்டுப் பாட்டாக்களின் வழக்கத்தில் பாதி வேலையை வெப்பமும், பாதியைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் செய்திருக்கும்.

உப்பு மட்டும்தான் எதிரியா என்றால், இல்லை. இதற்கும் எங்கள் மாவட்டத்தில் ஓர் உதாரணம் பனைமரத்தின்மேல் தொங்குகிறது.

மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பதை நாங்கள் அக்கானி என்போம். பனையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் அது அக்கானி அல்ல, கள். காரணம், சுண்ணாம்பு காரம். அந்தக் காரத்தில் நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. தண்ணீர் குறையவில்லை, இனிப்பு குறையவில்லை. அமில காரச் சமநிலை மாறியதே போதும்.

நம் மூச்சுத் துளியிலும் இப்படி ஒரு காரம் ஏறுகிறது. உடலுக்குள் கரியமில வாயு செறிவாக இருக்கிறது. வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு. துளியில் அது பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். ஆகவே துளி வெளியே வந்ததும், சோடா பாட்டிலைத் திறந்தது போல, வாயு பறந்துவிடுகிறது. மிஞ்சிய நீர் காரமாகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொரோனா வைரஸ் உள்ள துளிகளை மின்புலத்தில் அந்தரத்தில் நிறுத்திவைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட முடிவு இது: 90 சதவீத ஈரப்பதத்தில் முதல் இரண்டு நிமிடம் வைரஸ் திடமாக இருந்தது; பத்தாவது நிமிடத்தில் பத்தில் ஒரு பங்குதான் தொற்றும் வலுவோடு மிஞ்சியது. காரமே முக்கியக் காரணம் என்றார்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தபோது, உப்பு மணியாகும் அந்தக் கணத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்படியானால் 2020இல் வந்த மற்றோர் ஆய்வு, அதே வைரஸ் சோதனைக் கலத்துக் காற்றில் மூன்று மணி நேரம் கழித்தும் உயிர்ப்போடு இருந்தது என்றதே? அந்தச் சோதனை ஓடிய நேரமே மூன்று மணிதான். அங்கே சுழலும் உருளைக்குள் துளிகளை நிரப்பி அளந்தார்கள். முதல் சில நிமிடங்களின் கதை அந்த முறையில் பிடிபடாது. துளியைத் தயாரிக்கும் திரவம் எது என்பதும் விடையை மாற்றும். ஸ்விட்சர்லாந்தில் இருந்து வந்த இன்னொரு கருத்து, அறைக்காற்றில் இருக்கும் நைட்ரிக் அமில ஆவி துளியைக் காரமாக்காமல் அமிலமாக்கும் என்கிறது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் துளியின் உள்வேதியியல்தான் நீதிபதி என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

அந்த பிரிஸ்டல் குழு 2024இல் சொன்ன ஒன்று நம் பஸ்ஸுக்கு நேரடியாகப் பொருந்தும். அறையில் கரியமில வாயு கூடினால், துளியிலிருந்து அது வெளியேறுவது தடைப்படுகிறது. காரம் ஏறுவதில்லை. வைரஸ் கூடுதல் நேரம் நிற்கிறது. பூட்டிய அறையில் நோய் பரவும் என்பதற்கு இதுவரை ஒரே காரணம் சொல்லிவந்தோம்: கிருமி வெளியே போக வழியில்லை. இப்போது இரண்டாவது காரணமும் சேர்கிறது: அங்கே கிருமியின் ஆயுளும் நீள்கிறது.

கம்பிக்கு வருவோம். பரப்பில் விழுந்த துளிக்கு அடித்தரை கிடைத்துவிட்டது. அசல் பாத்தி மாதிரியே. கட்டன் காப்பி ஒரு சொட்டு மேசையில் சிந்தி உலர்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுப்பாக ஒரு வளையம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். சொட்டின் ஓரம் மேசையைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கிறது. அங்கேதான் வேகமாக ஆவியாகிறது. இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, தூளையும் தள்ளிக்கொண்டு. 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதை விளக்கினார்கள். தும்மல் துளியிலும் கிருமிகள் பெரும்பாலும் இந்த வரப்போரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு சேர்கின்றன.

பார்வைக்கு உலர்ந்த பிறகும் தண்ணீர் முழுக்கப் போய்விடுவதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ரஜ்னீஷ் பரத்வாஜும் அமித் அகர்வாலும் 2020இல் இதைக் கணக்கிட்டார்கள். சொட்டு ஆவியான பிறகு பரப்பில் மிக மிக மெல்லிய ஒரு நீர்ப்படலம் ஒட்டிக்கிடக்கிறது. பரப்பின் ஈர்ப்பு அதை விடாமல் பிடித்துக்கொள்வதால் அது போக மணிக்கணக்கு, சில பரப்புகளில் நாள்கணக்கு ஆகும் என்பது அவர்கள் விடை. நொடிகளில் காயும் துளிக்குள் இருந்த வைரஸ் பிளாஸ்டிக்கில் இரண்டு மூன்று நாட்கள் பிழைத்ததாக ஆய்வகங்கள் சொன்னதற்கு இது ஒரு விளக்கம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் நடாவ் கஷ்தான் குழு 2019இல் கண்டது. கண்ணாடிப் பரப்பில் பாக்டீரியாவோடு இருந்த நீரை ஆவியாகவிட்டு, காய்ந்துவிட்டது என்று யாரும் சொல்லக்கூடிய நிலையில் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவைச் சுற்றியும், பாக்டீரியாக் கூட்டங்களைச் சுற்றியும் குட்டிக் குட்டி உப்புநீர்த் துளிகள். மரவையில் கல்லுப்பு செய்த அதே வேலையைப் பரப்பிலிருந்த உப்புகள் செய்து, காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன. அவற்றுக்குள் ஒரு நாளுக்கு மேலாகவும் பாக்டீரியாக்கள் உயிரோடிருந்தன. தனியாக நின்றவற்றைவிடக் கூட்டமாக நின்றவை அதிகம் பிழைத்தன. ஏனென்றால் பெரிய கூட்டத்தைச் சுற்றி பெரிய துளி தங்குகிறது. அவர்களின் அக்கறை செடியின் இலைமேல் வாழும் பாக்டீரியா. பகலில் காய்ந்து கிடக்கும் வாழையிலை, தென்னங்கீற்று எல்லாவற்றிலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத குளங்கள் இருக்கக்கூடும். தோப்பில் நடக்கும்போது இது நினைவுக்கு வந்தால் வேறு எதையும் யோசிக்க முடிவதில்லை.

உப்பில் கிருமி சாகும் என்பதற்கு உப்பளமே விதிவிலக்கையும் வைத்திருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நன்றாகக் கனத்த பாத்தி நீர் சில சமயம் இளஞ்சிவப்பாக மாறும். அது உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறம். நீர் முற்றிலும் வற்றினாலும் உப்பு மணிக்குள் அகப்பட்ட நுண்ணிய நீர்ப்பைகளில் அவை கிடக்கும். நமக்கு நோய் தருபவை அல்ல, பயப்பட வேண்டாம்.

இனி நம் ஊர்க் காற்று. இந்த மாவட்டத்தின் அளவு சிறியது, காற்றோ ஒன்றல்ல. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் சாரல் சொட்டிக்கொண்டிருக்கும் அதே ஆடியில், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும் காற்று ஈரத்தை மலையில் உதறிவிட்டு முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு ஓடும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். ஆகவே 20, 30 சதவீத வறட்சியில் வைரஸ் நெடுநேரம் வாழும் குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நியூயார்க்கில் 2007இல் கினிப்பன்றிகளை வைத்து (பாவம், மறுபடியும் அவைதான்) நடந்த சோதனையில், குளிரும் வறட்சியும் இன்ஃப்ளூயன்சா பரவ உதவின. 30 டிகிரி வெப்பத்தில் காற்று வழியே பரவவே இல்லை. ஆனால் வெப்ப நாடுகளில் மழைக்காலத்தில் காய்ச்சல் சுற்றத்தான் செய்கிறது. ஈரக்காற்றில் துளி காயாமல், முதல் சில நிமிடங்கள் வைரஸைப் பத்திரமாக வைத்திருக்கிறது. மழைக்கு ஒதுங்கி நாமும் ஒருவர் மூச்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்தவர் மூக்குக்குப் போய்ச்சேர அந்தச் சில நிமிடங்களே ஏராளம்.

ஆக, ஆச்சி பிடித்த கம்பியைப் பற்றி என் கவலை பிழையல்ல, ஆனால் இடம் மாறிப்போன கவலை. காய்ந்த கம்பியிலும் கிருமி இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினால் அந்தக் கணக்குத் தீர்ந்துவிடும். சோப்பு, வைரஸின் கொழுப்பு உறையையே கரைத்துவிடும். தும்மியவரின் வாயிலிருந்து வந்து கம்பியில் படாமல் போனவைதான் எண்ணிக்கையில் அதிகம். அவை அப்போது பஸ்ஸுக்குள் மிதந்துகொண்டிருந்தன, என் தலைக்கு மேலும் ஆச்சியின் தலைக்கு மேலும்.

அவர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. முன்னிருந்து பின்வரை படபடவென்று ஷட்டர்கள் இறங்கின. நான் மட்டும் என் பக்கத்து ஷட்டரைக் கால்வாசி தூக்கியே வைத்திருந்தேன். பின் இருக்கைக்காரர் நனைகிறது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை எழுந்து வந்து அவரே இறக்கிவிட்டுப் போனார்.